துடைத்துவைத்த தெரு – அத்தியாயம் 14

அதிகாரி வருகிற நாளும் விடிந்துவிட்டது. போன வாரம் முழுக்க 'வருவாங்களா, மாட்டாங்களா' என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நம் தையல்காரி, அன்றைக்கென்று பார்த்து அசந்து தூங்கிவிட்டாள். முந்தின நாள் முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்த களைப்பு.

நடுவில் ஒரு வாரம் படிக்க விட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருக்கோடியில் பழைய டயர்களை எரித்து எண்ணெய் எடுக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. அதன் புகைபோக்கியிலிருந்து கரி இறங்காத நாளே கிடையாது. இப்படி மாசில் மாட்டிக்கொண்டு தவிக்கிற குடியிருப்புகளுக்கென்று அரசாங்கம் ஒரு மானியத்தை அறிவித்தது. பணம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகாது. தெருக்காரர்களின் சங்கத்துக்கே நேராக வரும். காற்றைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி ராப்பகலாக ஓடவிடலாம். காற்றில் எவ்வளவு கரி என்பதைத் தெருமுனைப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி காட்டலாம். அப்புறம் ஆலைக்காரர் "எங்க புகையே இல்ல" என்று சாதிக்க முடியாது.

சங்கத்தின் செயலாளர் தையல்காரி. மனுவைத் திருப்பி அனுப்பத் திருப்பி அனுப்ப விடாமல் எழுதிப்போட்டு, தெருவைப் பார்வையிட அதிகாரியை வரவழைத்தவள் அவள்தான்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. இயந்திரத்தைப் புகைபோக்கிக்கு மிக அருகில் இருக்கிற மொட்டைமாடியில்தான் வைக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வீடு தையல்காரியின் அண்ணன் வீடு. அதன் முன்னறையில்தான் அவள் தையல்கடை. அண்ணனோ அந்த ஆலையிலேயே பாய்லர் ஆபரேட்டர். மொட்டைமாடிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவர் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வாரமாக ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் இரண்டு நாடுகள்.

தையல்காரி கண் விழித்தபோது எதுவோ குறைகிறமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சத்தம் இல்லை. ஆலையின் ஊதுவிசிறி போடுகிற ஓயாத இரைச்சலைக் காணோம்.

வாசலுக்கு ஓடிவந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

தெரு பளபளத்தது. மதில் சுவர்களெல்லாம் துடைத்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. செடிகளின் இலைகளைக்கூட யாரோ ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார்கள். இந்தத் தெருவில் இலைகளுக்குப் பச்சை நிறம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்வீட்டுப் பால்காரம்மா ஸ்டூல் மேல் ஏறி விளக்குக் கம்பத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சங்கத் தலைவரான பழைய வாத்தியார் மடிப்புக் கலையாத சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்துட்டியாம்மா? பார்த்தியா, எப்படி இருக்கு? வர்றவங்க அசந்துடணும்" என்றார்.

தையல்காரியின் கண்கள் வாசல் நிலைகளுக்குப் பாய்ந்தன. வெள்ளைத் துணிகள் எங்கே?

யூனிஃபாரம் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, போன மாதம் வீட்டுக்கு ஒன்றாக வாசல் நிலையில் அவளேதான் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டிருந்தாள். யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு மாதத்தில் அந்தத் துணிகள் சாம்பல் நிறமாகி, அப்புறம் தோசைக்கல் நிறமாகிவிட்டன. அதிகாரி தெருவில் நடந்து வரும்போது அவற்றைப் பார்த்தாலே போதும், வேறு பேச்சே வேண்டாம் என்பது அவள் கணக்கு.

துணிகள் காணாமல் போகவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியும் போட்டு, கண்ணைப் பறிக்கிற வெள்ளையில்.

"யாரு இதைத் துவைச்சது?" குரல் அவளுடையதாகவே இல்லை.

அண்ணி பின்கட்டிலிருந்து வந்தாள். முழங்கை வரை ஈரம். முகத்தில் ஒரு பெருமை.

"நான்தான். விடியறதுக்கு முன்னாடியே எல்லா வீட்டுலயும் போய் வாங்கிட்டு வந்தேன். லேசுல போகுதா அந்தக் கரி? ரெண்டு தடவை ஊறவைக்க வேண்டியதாப் போச்சு. இப்பப் பாரு, புதுத்துணி மாதிரி!"

"அண்ணி, அதுதான் நம்ம சாட்சி! நம்மகிட்ட இருந்த ஒரே சாட்சி!"

"சாட்சியாவது ஒண்ணாவது. பெரிய அதிகாரி வர்றாங்க. வாசலுக்கு வாசல் அழுக்குத்துணி தொங்கினா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அதானே!" என்று ஸ்டூல் மேலிருந்து பால்காரம்மா ஒத்து ஊதினாள். "ஆலைக் கரின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தெருப் பொம்பளைங்க சோம்பேறிங்கன்னுதான் எழுதிட்டுப் போவாங்க."

தையல்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பிள்ளைகள் சாம்பல் படிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனால், 'உங்க வீட்டுல சோப்பு கிடையாதா' என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஆலை போடுகிற கரிக்கு வசவு வாங்கியதெல்லாம் இந்தத் தெருப் பெண்கள்தான். வெளியாள் வருகிறார் என்றாலே அவர்களுக்குக் கை பரபரக்கும், துடைப்பத்தைத் தேடும். இந்தக் கண்றாவி வேறு எந்தத் தெருவிலாவது நடக்குமா?

அண்ணாந்து பார்த்தாள். புகைபோக்கி சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு இழை புகைகூட இல்லை. வானம் அநியாயத்துக்கு நீலமாக இருந்தது.

அண்ணன் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருக்க வேண்டியவர்.

"பாய்லர் ஏன் நின்னிருக்கு?"

"பராமரிப்பு." இரண்டு வாரத்தில் அவர் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்னைக்கா? இத்தனை நாள் இல்லாத பராமரிப்பு இன்னைக்குன்னு பார்த்தா?"

"மேல சொன்னாங்க. அணைச்சேன்."

"அதிகாரி வர்றது உங்க மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சது? நீதானே போய்ச் சொன்னே? சொந்தத் தங்கச்சியை இப்படிக் காட்டிக் குடுப்பியா?"

அண்ணன் டம்ளரை வைத்தார். எழுந்தார். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். தையல்கடைக் கதவில் மாட்டியிருந்த கரும்பலகையைச் சுட்டிக்காட்டினார்.

'வியாழன் கடை விடுமுறை. அரசு அதிகாரி நம் தெருவுக்கு வருகை தருகிறார். இப்படிக்கு, செயலாளர்.'

குண்டு குண்டு எழுத்து. 'செயலாளர்' என்பதற்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸ்.

"ஒரு வாரமா தொங்குது" என்றார் அண்ணன். "மேனேஜர் சம்சாரம் உன்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கிறாங்க. திங்கக்கிழமை வந்து வாங்கிட்டுப் போனாங்க. படிக்கத் தெரிஞ்சவங்கதான் அவங்க. நான் வேற போய்ச் சொல்லணுமா?"

தையல்காரி தன் எழுத்தையே மறுபடி படித்தாள். பெருமை தாங்காமல் எழுதி மாட்டிய பலகை. அதைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்றுதானே மாட்டினாள்? பார்த்துவிட்டார்கள்.

தப்பு தன் மேல் என்று தெரிந்துவிட்டால் சிலருக்குக் கோபம் தணியும். நம் தையல்காரிக்கு அது இன்னும் ஏறும். போய் விழ இடம் தேடும்.

"சரி, அது என் புத்திகெட்ட வேலை. துணி? அதுக்கு என்ன சொல்றே? அண்ணிகிட்ட நீதானே சொல்லிக் குடுத்தே, எல்லாத்தையும் துவைச்சுப் போட்டுடுன்னு? அவங்களும் உன் பேச்சைக் கேட்டு நல்லா நடிக்கிறாங்க!"

சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னாலேயே அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அப்படியா நினைச்சே என்னை?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்விட்டாள்.

தையல்காரி பின்னாலேயே போயிருப்பாள். அதற்குள் தெருமுனையில் கார் திரும்பிவிட்டது.

*

அதிகாரி ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய அம்மா. காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் கனமான பை. மாலை வேண்டாம், குளிர்பானம் வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மறுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். சுவரில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலில் ஈரம்தான் ஒட்டியது. குனிந்து இலைகளைப் பார்த்தார். நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"தெரு ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார்.

வாத்தியாருக்கு மார்பு விரிந்தது. "எங்க தெரு எப்பவுமே இப்படித்தான் மேடம்! ஒரு தூசு தும்பு பார்க்க முடியாது."

தையல்காரி அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"அப்போ எதுக்கு மானியம்?" என்று அதிகாரி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

தையல்காரி படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள். கரியைச் சொன்னாள், இன்றைக்கு மட்டும் ஆலை நின்றதைச் சொன்னாள், துவைக்கப்பட்ட துணிகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, கேட்கிறவர் காதுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே உறைத்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்கிற சாக்குமாதிரி இருந்தது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல. ஆனா கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். இதே மானியத்துக்கு இன்னும் நிறைய இடத்துல கேட்டிருக்காங்க. புகையில்லாத ஆலை, சுத்தமான தெருன்னு எழுதினா உங்க பேர் அடியில போயிடும்."

"இன்னொரு நாள் வாங்க மேடம். சொல்லாம வாங்க."

"வாரக் கடைசிக்குள்ள அறிக்கை குடுத்தாகணும்மா. அடுத்த தடவை இந்த மானியம் எப்ப வரும், வருமான்னே எனக்குத் தெரியாது."

இத்தனை மாதப் பாடு. இத்தனை கையெழுத்து வேட்டை. எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போயிற்று. தையல்காரிக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ரோஷம் வந்தது.

"அப்ப எழுதுங்க மேடம். தெரு சுத்தம்னே எழுதுங்க. கூடவே யாரு சுத்தம் பண்ணாங்கன்னும் எழுதுங்க! விடியறதுக்கு முன்னாடி எழுந்து எங்க பொம்பளைங்க கை வீங்கத் தேய்ச்சிருக்காங்க. சுத்தமா இருக்கிற தெருவை எவளாவது அப்படித் தேய்ப்பாளா? அதை உங்க அறிக்கையில எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

வாத்தியார் "அம்மாடி, மெதுவா" என்று கையைப் பிசைந்தார். அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வீட்டு வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"மேடம், கொஞ்சம் பின்பக்கம் வர்றீங்களா?"

"அய்யய்யோ, பின்பக்கமா!" என்று பால்காரம்மா பதறினாள். "வேணாம்டி, அங்க எதையும் ஒழுங்குபண்ணல. வாசல்ல இருந்த கந்தல் கூளமெல்லாம் அங்கதான் தள்ளி வச்சிருக்கு."

"அதைத்தான் காட்டப்போறேன்" என்றாள் அண்ணி. தையல்காரி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தெருவுக்குப் பின்னால் எல்லா வீட்டுக் கொல்லைக்கதவுகளும் திறக்கிற ஒடுக்கமான சந்து ஒன்று உண்டு. விருந்தாளிகளுக்குக் காட்டாத இடம். கதவுக்குக் கதவு ஒரு நீல டிரம் நின்றது. இந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதனால் துவைத்த தண்ணீர், துடைத்த தண்ணீர் எதையும் யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. டிரம்மில் ஊற்றிவைத்துக் கக்கூசுக்குப் பயன்படுத்துவார்கள். இது அவர்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி பழக்கம். அதனாலேயே யாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை, தையல்காரிக்கும்தான்.

அண்ணி தன் வீட்டு டிரம்மின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே தண்ணீர் மையாக இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம் பல வண்ணத்தில் நெளிந்தது. டயர் தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது. அதிகாரி தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

அண்ணி முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினாள். விரல்களுக்கு நடுவே கருப்புச் சகதி வழிந்தது.

"துணியைத் துவைச்சு சாட்சியை அழிச்சுட்டேன்னு சொல்றாங்க மேடம். கரி எங்க போயிடும்? என் டிரம்முக்குத்தான் வந்திருக்கு. துணியில இருந்தது ஒரு மாசத்துக் கரி. சுவர்ல இருந்தது நாலே நாள்ல விழுந்தது. போன ஞாயித்துக்கிழமைதான் துடைச்சோம்."

அடுத்த மூடியைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். எல்லா டிரம்மிலும் ஒரே மை. இத்தனை நேரம் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, தங்கள் டிரம்மைத் தாங்களே திறந்தார்கள். கடைசியில் பால்காரம்மா தன் டிரம்மை ஓங்கித் தட்டி, "என்னுதுல பாருங்க மேடம், என்னுதுதான் ரொம்ப மோசம்!" என்று கூவினாள். விளக்குக் கம்பத்தைத் தேய்த்தவளுக்கு இப்போது அழுக்கில் முதலிடம் வேண்டியிருந்தது.

அதிகாரி பையைக் கீழே வைத்தார். மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகளை எடுத்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் முகந்து நிரப்பினார். எந்த வீடு, கடைசியாக எப்போது துடைத்தார்கள், எதைத் துடைத்தார்கள் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்டுப் புட்டியில் எழுதி ஒட்டினார்.

"இதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புறேன். டயர் கரியா, அடுப்புக் கரியான்னு அங்க சொல்லிடுவாங்க. தினமும் இப்படித்தான் துடைப்பீங்களாம்மா?"

"காலையில பெருக்குறோம். மத்தியானம் தரையைத் துடைக்கிறோம். சாயங்காலம் மறுபடியும் பெருக்குறோம்" என்றாள் அண்ணி. "எங்க சமையல்கட்டு ஜன்னலை நான் கல்யாணமாகி வந்ததுலருந்து திறந்ததே இல்ல. என் பொண்ணு சாப்பாட்டுத் தட்டு மேல இன்னொரு தட்டைக் கவுத்து வச்சு, வாய்க்கு வாய் தூக்கித் தூக்கிச் சாப்பிடுறா. அவளுக்கு உலகத்துல எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுறாங்கன்னு நினைப்பு. வெளியில கேட்டா, நான் வேலைக்குப் போகாம வீட்டுல சும்மா இருக்கிறவ. ஆலை கொட்டுது, நான் அள்ளுறேன். இதுக்குப் பேரு சும்மாவா மேடம்?"

தையல்காரி சந்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். அண்ணி சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. காலையில் தான் பேசிய பேச்சை நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதே நேரம் அந்தக் கருப்புக் கையைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

*

"இனி ஒண்ணுதான் பாக்கி" என்றார் அதிகாரி. எல்லோரும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். "மொட்டைமாடிச் சம்மதம். அது இல்லாம நான் கோப்பை மேல அனுப்ப முடியாது."

அத்தனை தலைகளும் அண்ணன் பக்கம் திரும்பின.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, நீ ஒரு வார்த்தை..."

"முடியாதுங்க" என்றார் அண்ணன். குரலில் முறைப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. "எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். என் மாடியில அந்த மெஷின் ஏறினா அடுத்த நாளே என்னை வெளியில அனுப்பிடுவாங்க. என் தங்கச்சிக்குப் பின்னால ஒரு சங்கம் இருக்கு. எனக்குப் பின்னால யாரு இருக்கா? எனக்குத் தெரிஞ்சது பாய்லர் ஒண்ணுதான்."

இரண்டு வாரமாக அண்ணனோடு மல்லுக்கட்டத் தயாராக இருந்த தையல்காரிக்கு, அன்றைக்குத்தான் அவர் முகத்தில் இருந்தது பயம் என்று தெரிந்தது. அதைத் திமிர் என்றே அதுவரை நினைத்திருந்தாள்.

"மேடம், பக்கத்து வீட்டு மாடியில வைக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"பார்த்தேம்மா. தண்ணித்தொட்டி மறைக்குது. அந்த அளவு செல்லாதுன்னு ஆலைக்காரங்க ஒரு நிமிஷத்துல அடிச்சுடுவாங்க. இந்த மாடிதான்." அதிகாரி கோப்பைத் திறந்தார். "எதுக்கும் பேரைக் குறிச்சுக்கறேன். வீடு யார் பேர்ல இருக்கு?"

அண்ணன் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"என் பேர்ல இருக்கு மேடம்" என்றாள் அண்ணி.

"அண்ணி?" என்றாள் தையல்காரி.

"என்ன அண்ணி? வாங்கும்போது, பொம்பளை பேர்ல பதிஞ்சா கட்டணம் குறைச்சல்னு யாரோ சொன்னாங்கன்னு உங்க அண்ணன்தான் என் பேர்ல போட்டார். வருஷா வருஷம் வரிசையில நின்னு வீட்டு வரி கட்டிட்டு வர்றது நான்தானே?"

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரு என்னைக் கேட்டீங்க?" அண்ணி முற்றத்தில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வாத்தியார் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வாரமா தெருவே திரண்டு வந்து உங்க அண்ணன்கிட்டதான் கெஞ்சிச்சு. நான் எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு இருந்தேன். டீ நல்லாருக்குன்னு சொன்னீங்க. வீடு யாருதுன்னு ஒருத்தர்கூடக் கேட்கல."

"யோசிச்சுப் பேசு" என்றார் அண்ணன். "சோறு எங்கருந்து வருதுன்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு வாரமா வாயை மூடிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில உங்க தங்கச்சி அந்தப் பேச்சுப் பேசினப்பவும் மூடிட்டுத்தான் இருந்தேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஆனா இன்னைக்கு ஆலை நின்னுச்சே. அதைப் பார்த்தப்புறம் என்னால முடியல. பாய்லரை அணைச்சா ஆலையே உட்கார்ந்துடும், ஒரு நாள்கூட நிறுத்த முடியாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? பொண்ணுக்கு மூச்சு முட்டி, நான் தூக்கிட்டு ஓடினேனே, அன்னைக்கும் அதையேதான் சொன்னீங்க. நானும் நம்பினேன். இன்னைக்கு ஒரு அம்மா கார்ல வர்றாங்கன்னதும் நின்னுடுச்சே! அப்போ நிறுத்த முடியும். நமக்காக நிறுத்தல, அவ்வளவுதான்."

அண்ணன் அவளைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். அணைத்தது அவர் கைதான். நேற்று ராத்திரி, மேனேஜர் சொன்ன மறு நிமிஷம், விசையைத் திருப்பினார். எவ்வளவு சுலபமாக நின்றது என்பது அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அதிகாரி தயங்கினார். "அம்மா, வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு..."

"பேசியாச்சு மேடம். எங்க போடணும்?"

கரி படிந்த கையை அவள் எங்கும் துடைத்துக்கொள்ளவில்லை. பேனாவை வாங்கினாள். முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள். பழக்கமில்லாததால் நேரம் பிடித்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. தாளின் ஓரத்தில் கட்டைவிரல் கருப்பாகப் பதிந்தது. "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று அதிகாரி அதை அப்படியே கோப்பில் வைத்தார்.

தையல்காரி அருகில் போய் அண்ணியின் தோளைத் தொட்டாள். "அண்ணி, காலையில நான்..."

"அது அப்புறம். அதுக்கு உனக்குத் தனியா இருக்கு" என்றாள் அண்ணி.

சந்துக்கு அந்தப் பக்கம் ஆலையின் மதில். மதிலுக்கு மேலே காவற்காரரின் தலை இத்தனை நேரம் தெரிந்துகொண்டிருந்தது, இப்போது காணவில்லை. அதைத் தையல்காரி கவனித்த சிறிது நேரத்தில், அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். "மேனேஜர்" என்றார் யாரிடமும் இல்லாமல்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுங்க" என்றாள் அண்ணி.

அவர் எடுக்கவில்லை.

"அப்போ என்கிட்டக் குடுங்க."

அண்ணன் அவள் நீட்டிய கையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சத்தமில்லாமல் நின்ற புகைபோக்கியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, கொடுத்துவிட்டார்.

"அவரு இங்கதான் இருக்காரு. நீங்க என்கிட்டயே சொல்லுங்க. வீட்டுச் சொந்தக்காரி பேசுறேன்" என்றாள் அண்ணி.

மறுமுனையில் பேச்சு நீண்டது. என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்ற தையல்காரிக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்கக் கேட்க அண்ணியின் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அதுவரை அவருக்கே தெரியாத எதையோ தெரிந்துகொண்டவள் பார்க்கிற பார்வை அது. அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

எல்லாம் கேட்டு முடித்தபின் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இப்பச் சொன்னதை அப்படியே எழுத்துல குடுப்பீங்களா சார்? அதிகாரியம்மா பக்கத்துலதான் இருக்காங்க. கையோட வாங்கிட்டுப் போயிடுவாங்க."

(தொடரும்)